இருநூற்று இருபத்து நான்கு காதுகள்

ரேணுகாவின் இரண்டு காதுகளை மூடுவதற்கு ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றும், எட்டு மாத காலமும், கணக்கில்லாத ஜீப் பயணங்களும், கடைசியில் ஒரு பந்தலும் தேவைப்பட்டன. காதுதானே என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. முறையோடும் ஒழுங்கோடும் மேலிடத்து ஒப்புதலோடும் ஒரு காதை மூடுவதென்றால் இவ்வளவு ஆகத்தான் செய்யும்.

மரக்காணத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்த குப்பம் அது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் கடைசியில் அலை வந்த காலையில் காசிலிங்கம் போட் இஞ்சினைப் பழுது பார்க்க மரக்காணம் போயிருந்தான். அவன் மனைவி ரேணுகா, மகள் நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முதல் அலையில் பிடித்திருந்தாள். இரண்டாவது அலையில் பிடித்திருக்கவில்லை. நிவேதாவுக்கு ஆறு வயது.

அதற்குப் பிறகு ரேணுகாவுக்குக் கடல் சத்தத்துக்குள் மகளின் குரல் கேட்க ஆரம்பித்தது. "பாப்பா கூப்புடுதுங்க. எங்க இருந்துன்னுதான் தெரியல" என்பாள். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் எழுந்துவிடுவாள். சமையல் பாதியில் நிற்கும். அலைக்குப் பிறகு போட்ட ஷெட்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பாள், ரோட்டைத் தாண்டுவாள், சவுக்குத் தோப்புக்குள் நுழைவாள். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், துண்டைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். பஞ்சுக்கும் துண்டுக்கும் அடங்குகிற கடலா அது?

மருத்துவ முகாமுக்குப் புதுச்சேரியிலிருந்து வந்த டாக்டரம்மா காசிலிங்கத்தைத் தனியே அழைத்துச் சொன்னார். "மாத்திரை தர்றேன். ஆனா அந்தச் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருந்தா மாத்திரை மட்டும் பத்தாது. காது முழுசும் மூடுற பெரிய ஹெட்போன் ஒண்ணு வாங்கி, நல்ல பாட்டாப் போட்டு விடுங்க. வீட்டுலயே மாட்டிக்கிட்டு இருக்கட்டும். ஒரு வருஷம் போனா தேறிடுவாங்க. இல்லேன்னா, குரல் எங்க இருந்து வருதுன்னு அவங்களுக்கு என்னிக்குத் தெரியுதோ, அன்னிக்கு தண்ணியில இறங்கிடுவாங்க."

காசிலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடலுக்குப் போவதை அதற்கு முன்பே விட்டிருந்தான். மகளைத் தின்ற தண்ணீரில் வலை வீச அவனுக்கு மனம் வரவில்லை. உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்து, கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று பலகையால் உப்பு வாரினான். காலும் உள்ளங்கையும் வெடித்து ரத்தம் கசிந்தது. ஹெட்போன் என்பது அவன் வாழ்நாளில் வாங்கும் பட்டியலில் இருந்த பொருளே அல்ல.

ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரேணுகாவைக் கூனிமேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே மஸ்தான் பாய் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாய் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று ஹெட்போன்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏம்பா காசி, இதுல பெரிய சூட்சுமம் ஒண்ணும் இல்ல. மெத்தை காது மேல உக்காரக் கூடாது, காதைச் சுத்தி உக்காரணும். தலைய நெறிக்கக் கூடாது. வீட்டுல நடமாடுற பொம்பள, வயர் நீளமா இருக்கணும். மெத்தை கிழிஞ்சா மாத்துற மாதிரி இருக்கணும். பத்து நிமிஷம் மாட்டிக்கிட்டு உக்காந்து பாக்கணும், வலிச்சா வேணாம். அவ்ளோதான்" என்றவர், முதலாவதைத் தள்ளி வைத்தார். "இது ஆயிரத்து நானூறு. பாதிக் காசு பேருக்கு." மூன்றாவதையும் தள்ளினார். "இது தொண்ணூறு. பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு துண்டு ஸ்பான்ச். வெளிச் சத்தம் பூரா உள்ள வரும். நடுவுல இருக்குது பாரு, நானூத்தி எம்பது, இதான் உனக்கு."

நடுவிலிருந்ததை ரேணுகாவின் தலையில் மாட்டி, நாகூர் தர்காப் பாட்டு ஒன்றைச் சன்னமாக வைத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கூனிமேட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் கடல் கேட்கும். அன்றைக்குக் காற்றும் பலமாக இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவளுடைய தோள்கள் இறங்கின. பத்தாவது நிமிடம் அவள் காசிலிங்கத்தைப் பார்த்து, "ஏங்க, ஒரு டீ சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

நான்கு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் பொருள் அந்த டீதான். காசிலிங்கம் கடைக்கு வெளியே போய் நின்று அழுதுவிட்டு, டீ வாங்கிக்கொண்டு வந்தான். அடுத்த வாரக் கூலியைச் சேர்த்தால் நானூற்று எண்பது வந்துவிடும். பாய் அதைத் தனியே எடுத்து அலமாரியில் வைத்தார், பாட்டுப் போட ஒரு பழைய டேப்பை இரவல் தருவதாகவும் சொன்னார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். காசிலிங்கம் செய்த ஒரே தப்பு, சந்தோஷத்தை வெளியே சொன்னது. அதையும் போய் வைஜெயந்தியிடம் சொன்னான்.

வைஜெயந்தி, 'அலைக்கரை மறுவாழ்வு ஒருங்கிணைப்பு மைய'த்தின் களப் பணியாளர். மையம் வானூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. குப்பத்துக்காரர்களுக்குத் தார் ஷீட் ஷெட் போட்டுக் கொடுத்ததும், நிரந்தர வீடு கட்டித்தரப் பட்டியல் வைத்திருந்ததும் அந்த மையம்தான். அதனால் குப்பத்தில் அதற்கிருந்த மரியாதை சாமிக்குக்கூட இல்லை. நல்ல பெண்தான் வைஜெயந்தி. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, வாங்கிடாதீங்க. சொந்தக் காசுல மின்சாரப் பொருள் வாங்கினா, 'மீண்ட குடும்பம்'னு எழுதச் சொல்லி ஆர்டர் இருக்குது. மீண்ட குடும்பத்துக்கு வீடு கிடையாது. நாங்களே வாங்கித் தர்றோம். மனு மட்டும் எழுதிக் குடுங்க."

"ஒரு வாரத்துல கெடைக்குமா மேடம்?"

"ஒரு வாரம்லாம் எதுக்கு?" என்றாள் வைஜெயந்தி. அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

மனு எழுதினார்கள். 'வீட்டு உபயோகத்துக்குக் காது மூடும் ஹெட்போன் ஒன்று.' இருபது நாள் கழித்து மனு திரும்பி வந்தது. காசிலிங்கம் உப்பளத்துக்கு லீவு போட்டு வானூர் போனான். திட்ட ஒருங்கிணைப்பாளர் கலியமூர்த்தி அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். கோபப்படத் தெரியாதவர் கலியமூர்த்தி. மனிதர்களைச் சாகடிக்க அந்தப் பொறுமையே போதும்.

"வீட்டு உபயோகம்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு ஏது வீடு? வீடு இல்லன்னு நாங்கதான் கணக்கெடுத்து மேல அனுப்பியிருக்கோம். இல்லாத வீட்டுக்கு ஒரு பொருளக் குடுத்தா, வீடு இருக்குதுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் எப்படி உங்களுக்கு வீடு கட்டித் தர்றது? உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"ஷெட்டுல இருக்கோம் சார்."

"ஷெட்டு வீடு ஆகாது. தற்காலிகக் கூரை."

அந்தக் கூரைக்கு அடியில் கடல் சத்தம் கேட்கிறதே என்று காசிலிங்கம் சொல்ல நினைத்தான். சொன்னால் அதற்கும் ஒரு படிவம் வரும் என்று தோன்றியது. கடைசியில், 'எதிர்காலத்தில் கிடைக்கவிருக்கும் வீட்டின் உபயோகத்துக்கு, முன்கூட்டியே' என்று மனுவை மாற்றி எழுதினார்கள். இதற்குள் ஜூன் பிறந்துவிட்டது.

ரேணுகாவை ஷெட்டில் தனியே விட முடியவில்லை. காசிலிங்கம் அவளை உப்பளத்துக்கு அழைத்துப் போய், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கீற்று நிழலில் உட்கார வைத்துவிட்டு வேலை செய்தான். காலையில் சத்தம் அவ்வளவாக வராது. ஒரு நாள் மதியம் பாத்தியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது நிழல் காலியாக இருந்தது. ஓடித் தேடினால், கடல் தண்ணீர் வரும் வாய்க்காலில் இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தாள். "இங்க இல்லங்க. இங்க நல்லாத் தேடிட்டேன்" என்றாள். அன்றைக்கு அவளுடைய கையைப் பிடித்துக் கரையேற்றிய காசிலிங்கம், ஷெட் போய்ச் சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.

மறுநாளே ஓடினான். வானூரில் அதற்குள் 'ஒலிச்சாதனத் தேர்வுக் குழு' அமைத்துவிட்டார்கள். ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் கணக்கர், ஒருவர் கட்டட மேஸ்திரிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், ஒருவர் ஆட்டுப் பண்ணை ஆலோசகர். மற்ற ஆறு பேர் என்னவென்று அவர்களுக்கே தெளிவில்லை. குழு, தரத்துக்கு நாற்பத்திரண்டு அளவுகோல்கள் வகுத்திருந்தது. நிறம் துக்கச் சூழலுக்கு ஏற்றதா, பெட்டியில் மையத்தின் சின்னம் ஒட்ட இடம் இருக்கிறதா, வெயிலில் வைத்தால் வளைகிறதா என்றெல்லாம் போயிற்று பட்டியல். காதை மூடுகிறதா என்பது முப்பத்தெட்டாவது.

மஸ்தான் பாய் கடையில் நானூற்று எண்பதுக்கு இருக்கிறது, ரேணுகா மாட்டிப் பார்த்துவிட்டாள், வலிக்கவில்லை என்று காசிலிங்கம் சொன்னான். கலியமூர்த்தி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பயனாளியே மாட்டிப் பாத்தா அது சோதனை ஆகாதுங்க. அவங்களுக்கு அது தேவை. தேவை இருக்கிறவங்க ஒருதலைப்பட்சமாத்தான் சொல்லுவாங்க. தேவையே இல்லாதவங்கதான் நடுநிலையா சோதிக்க முடியும்."

ஆகவே ஒன்பது மாதிரிகள் வரவழைக்கப்பட்டு, தேவையில்லாத ஒன்பது பேரும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். வீட்டு உபயோகத்துக்கான பொருள் என்பதால் வீட்டில்தானே சோதிக்க வேண்டும்? வீடு அவர்களுக்கு இருந்தது. சோதனை மூன்று மாதம் நடந்தது. காசிலிங்கம் போகும்போதெல்லாம் கலியமூர்த்தி முன்னேற்றத்தைச் சொல்லுவார்.

"என்கிட்ட இருக்கிறது பிரமாதமான பீஸ். நேத்து மாட்டிக்கிட்டு கிரிக்கெட் பாத்தேன். எங்க வீட்டம்மா பின்னாடி நின்னு அரை மணி நேரம் கத்தியிருக்காங்க, ஒரு வார்த்தை கேக்கலையே. முதல் தரம்னு சான்று எழுதி வச்சிட்டேன்."

"அப்ப அதையே குடுத்துடலாமே சார்."

"சோதனை முடியட்டும். இன்னும் டெஸ்ட் மேட்ச் பாக்கல."

செப்டம்பரில் குழு ஒருமனதாகத் தேர்வு செய்தது. வியப்பு என்னவென்றால், அவர்கள் தேர்ந்தெடுத்ததும் மஸ்தான் பாய் தேர்ந்தெடுத்த அதே நானூற்று எண்பது ரூபாய் ஹெட்போன்தான். காசிலிங்கம் கும்பிட்டான். ஒப்புதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு கலியமூர்த்தியே ஜீப்பில் குப்பத்துக்கு வந்தார். முறைப்படி ஊர்த் தலைவரான நாட்டார் அப்பாதுரையின் சம்மதமும் வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. வெளியிலிருந்து எது வந்தாலும் எல்லாத் தலைக்கட்டுக்கும் சமமாகப் பங்கு வைப்பதுதான் அந்தக் கரையின் வழக்கம். அலைக்குப் பிறகு அரிசி, போர்வை, அடுப்பு எல்லாம் அப்படித்தான் பங்கு வைத்தார்கள். பங்குக்குப் பத்தாமல் வந்த பொருளைத் திருப்பியே அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒரு தலைக்கட்டுக்கு வந்தா நூத்திப் பன்னெண்டுக்கும் வரணும் சார்" என்றார் அப்பாதுரை.

காசிலிங்கம் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். "மாமா, மத்தவங்க கேக்கவே இல்லியே. ஊருல டேப்பு இருக்கிறதே அஞ்சு வீடு."

அப்பாதுரையின் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் அந்த அலையில் ஒரு தம்பி போயிருந்தான். "எனக்குத் தெரியாதாடா காசி? ஆனா இன்னிக்கு நான் ஒருத்தனுக்கு மட்டும்னு தலையாட்டினா, நாளைக்கு வீடு வர்றப்ப பத்துப் பேருக்கு மட்டும்னு மையத்துல சொல்லுவாங்க. அப்ப நான் எந்த வாயால கேக்குறது? ஒண்ணு செய்றேன். என் பங்கையும் உன் பொண்டாட்டிக்கே குடுத்துர்றேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லோரும் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் காசிலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள்கூட அகப்படவில்லை.

கலியமூர்த்தி வானூருக்குத் திரும்பிப் போய்க் கணக்குப் போட்டார். இந்தத் திட்டத்துக்கென்று மொத்தமாக ஒதுக்கிய நாலாயிரம் ரூபாய் ஒதுக்கியதுதான். அதை நூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால், ஒரு ஹெட்போனுக்கு முப்பத்தைந்து ரூபாய் வந்தது. அந்த விலைக்குக் காதை மூடும் ஹெட்போன் உலகத்தில் இல்லை. குழு மறுபடி கூடி, 'காதை முழுமையாக மூடும்' என்ற வாசகத்தைக் 'காதைத் தொடும்' என்று திருத்தியது. ஸ்பான்ச் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருந்தால் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் தரமான ஒன்பது மாதிரிகளும் சோதனையில் தேய்ந்துவிட்டதால், சோதித்தவர்களிடமே விடப்பட்டன.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து உப்பளம் மூடிக் கிடந்தது. கடல் பகலெல்லாம் இரைந்தது. ரேணுகா துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு ஷெட்டின் மூலையில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு எதிரில் வாசலை மறித்துக் காசிலிங்கம் உட்கார்ந்திருப்பான். வேறு வேலை அவனுக்கு இல்லை. ஒரு தடவை வீட்டுப் பட்டியல் நாசமாகப் போகட்டும் என்று எழுந்து கூனிமேட்டுக்கே போய்விட்டான். அலமாரியில் அது இல்லை. ஏழு மாதத்துக்கு மேல் காத்திருந்து பார்த்த பாய், போன வாரம்தான் விற்றிருந்தார்.

"நீ வர மாட்டேன்னு நெனச்சிட்டேம்பா. மெட்ராசுல சொல்லி விடுறேன், ஒரு பதினஞ்சு நாள் பொறுத்துக்க" என்றார் பாய். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

பதினைந்து நாளுக்குள் விழா வந்துவிட்டது. அலை வந்து ஓராண்டு ஆனதன் நினைவாக, கடற்கரையிலேயே பந்தல் போட்டு, நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டைப் பெட்டிகளில் மையத்தின் சின்னம் பளிச்சென்று இருந்தது. அந்த அளவுகோல் மட்டும் குறைவில்லாமல் நிறைவேறியிருந்தது. முதல் பயனாளி என்பதால் ரேணுகாவை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் அவள் வந்து ஒரு வருடமாயிற்று. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி பேசினார். "ஒரே ஒரு சகோதரியின் இரண்டு காதுகளை மூட வேண்டும் என்றுதான் கோரிக்கை வந்தது. நாங்கள் நினைத்திருந்தால் அதை ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஆனால் நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. எட்டு மாதம் உழைத்து, அதே செலவில், இன்று இருநூற்று இருபத்து நான்கு காதுகளைத் தொட்டிருக்கிறோம். இத்தோடு ஒரு ஒலிநாடாவும் தருகிறோம். சினிமாப் பாட்டைப் போட்டு ஏமாற்ற எங்களுக்கு மனம் இல்லை. உலகம் முழுக்க மனிதர்களுக்கு நிம்மதி தரும் ஒலி எதுவென்று வெளிநாட்டு வல்லுநர்களிடம் கேட்டு வரவழைத்திருக்கிறோம்."

கை தட்டினார்கள். மையத்திலிருந்து கொண்டுவந்த சின்ன டேப் ஒன்றை ரேணுகாவின் கழுத்தில் மாட்டி, ஹெட்போனை அவள் தலையில் வைத்து, வைஜெயந்தி பட்டனை அழுத்தினாள். கலியமூர்த்தி காசிலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.

காசிலிங்கத்தின் கண் வைஜெயந்தியின் கையிலிருந்த கேசட் அட்டையில் விழுந்தது. நீல நிறத்தில் இருந்தது. "இன்னா பாட்டு மேடம் அது?" என்றான்.

வைஜெயந்தி அட்டையைப் பார்த்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். "பாட்டு இல்லண்ணா" என்றாள். "கடல் அலை. அறுபது நிமிஷம்."

ரேணுகா நாற்காலியை விட்டுவிட்டாள். ஒரு வருடமாகச் சுருங்கிக் கிடந்த அவளுடைய முகம் விரிந்தது. எழுந்து நின்று, தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டாள்.

"கிட்ட கேக்குதுங்க" என்றாள். "இந்தப் பக்கந்தான்."

மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கிழக்கே நடந்தாள். பந்தல் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. "பாருங்கள்" என்று மைக்கில் கலியமூர்த்தியின் குரல் தழுதழுத்தது. "கடல் என்றாலே நடுங்கிய பெண்மணி, துணிச்சலாகக் கடலை நோக்கி நடக்கிறார். இதைவிட எங்களுக்கு என்ன வேண்டும்?"

காசிலிங்கம் ஓடினான். போட்டோவுக்கு மறைக்கிறான் என்று யாரோ அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் மார்பளவு தண்ணீரில் இருந்தாள். பின்னாலிருந்து இறுகக் கட்டிப்பிடித்தான். "விடுங்க, வந்துட்டா, கைக்கு எட்டுற மாதிரி இருக்குறா" என்று அவள் அவன் முழங்கையைக் கடித்தாள். அப்பாதுரையும் இன்னும் நாலு பேரும் வந்து விழுந்துதான் இருவரையும் கரைக்கு இழுத்தார்கள். ஹெட்போன் தண்ணீரோடு போயிற்று.

ஈர மணலில் அவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் காதுகளில் ஒன்றும் இல்லை, கடல் மட்டும் முன்னால் இருந்தது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. காசிலிங்கம் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு, உப்பில் வெடித்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் காதுகளின் மேல் வைத்து, காது மடல் முழுவதும் உள்ளே அடங்கும்படி பொத்தினான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய நடுக்கம் குறைந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மையத்தின் கணக்கர் பதிவேட்டோடும் மை டப்பாவோடும் மணலில் கால் புதைய வந்து சேர்ந்தார். முதல் பயனாளி பெற்றுக்கொண்டதற்குக் குடும்பத் தலைவரின் கைநாட்டு இல்லாமல் மற்ற நூற்றுப் பதினொன்றையும் கொடுக்க முடியாது, ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்றார்.

"ரெண்டு கையும் வேணாம்ப்பா. ஒரு கைய மட்டும் எடு, கட்டை விரல் போதும்" என்றார்.

"எடுக்க முடியாதுங்க" என்றான் காசிலிங்கம்.

அவர் பதிவேட்டைத் திறந்து பிடித்தபடி அங்கேயே நின்றார்.